ரெண்டே கால் வயசு, சோறு வாயில் பட்டாலே ஓங்கரிக்கிறான். இது சேட்டையா, வேறு ஏதாவதா?

லயத்து_மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். பால்மரம் (ரப்பர்) போய் செம்பனை வந்து பல வருஷம் ஆகிவிட்டது, மாமியார் வீடு மட்டும் இன்னும் அங்கேதான். எனக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். பையனைப் பகலெல்லாம் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார்.

அவனுக்கு ரெண்டே கால் வயது. பிரச்சினை சாப்பாடு. குழைய வேகவைத்து மிக்சியில் அடித்த கஞ்சி என்றால் இறங்கும். ஒரு சோற்றுப் பருக்கை நாக்கில் பட்டால் போதும், கண்ணில் தண்ணீர் வர ஓங்கரிக்கிறான். சில நேரம் குடித்த பாலும் சேர்ந்து வெளியே வந்துவிடும். ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. எதிரே போன் ஓடாவிட்டால் வாயே திறக்க மாட்டான்.

கிளினிக்கில் மிசி (நர்ஸ்) எடை பார்த்தார். ஒன்றரை வயதில் 9.4 கிலோ, இப்போது 9.8. ரெக்கோட் புத்தகத்தில் இருக்கும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டான், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று தேதி போட்டுக் கொடுத்திருக்கிறார். மாமியார் மாந்தம் என்கிறார், அப்புறம் திருஷ்டி என்கிறார். கொழுந்தனார், "எல்லாம் நீங்க கொடுக்கிற செல்லம் அண்ணி" என்கிறார். பால் மட்டும் மடமடவென்று குடிப்பான்.

டாக்டரிடம் போவதற்கு முன் நான் எதையெல்லாம் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும்?

பழைய_கங்காணி

மகளே, நாங்கள் வளர்ந்த காலத்தில் அம்மாமார் விடியற்காலையிலேயே பால்மரம் சீவப் போய்விடுவார்கள். ஆயாக் கொட்டகையில் ஒரே ஆயா, இருபது பிள்ளை. ஒரு தட்டு சோறு, எல்லார் வாய்க்கும் அதே உருண்டை. எவன் ஓங்கரித்தான்? பசி வந்தால் பத்தும் பறந்து போகும். ஒரு நாள் பாலை நிறுத்திப் பட்டினி போட்டுப் பார், தானாக வந்து தட்டைத் தேடுவான்.

சிம்மோர்_அக்கா

ஐயா, அந்தக் கொட்டகையில் வளராமல் போன பிள்ளைகளின் கதையையும் அந்தக் காலத்து ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். அது இருக்கட்டும்.

தங்கச்சி, சில கேள்விகள். ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் பால்? ராத்திரியும் உண்டா? தண்ணீரோ பாலோ குடிக்கும்போது இருமுகிறானா, குடித்த பிறகு குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்கிறதா? அடிக்கடி நெஞ்சுச் சளி, நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறானா? வயிறு ஒழுங்காகப் போகிறதா? பல் எப்படி? பிஸ்கட் மாதிரி கடித்துத் தின்னும் சாமான் ஏதாவது உண்டா? பேச்சு வந்துவிட்டதா?

லயத்து_மருமகள்

அக்கா, பகலில் மூன்று போத்தல், படுக்கும்போது ஒன்று, நடுராத்திரி ஒன்று. ஒவ்வொன்றும் 240 மில்லி. குடிக்கும்போது இருமல் இல்லை. நிமோனியா எல்லாம் வந்ததில்லை. வயிறுதான் மூன்று நாளைக்கு ஒரு தடவை, கட்டியாகப் போகும், அழுவான். முன்பல்லில் மேலே லேசாகப் பழுப்புக் கறை. பிஸ்கட்டை மைலோவில் ஊறவைத்தால் சப்புவான், கடிக்க மாட்டான். மசித்த வாழைப்பழம்கூட அடித்துக் கூழாக்கினால்தான். பேச்சு "அம்மா, பாட்டி, பால், வா" என்று கொஞ்சம் சொற்கள் உண்டு. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், நன்றாக விளையாடுவான்.

மாமியார் பிடிக்க வைக்கிறேன் என்று சில நேரம் பாலில் டின்பால் (இனிப்புக் கட்டிப்பால்) ஒரு கரண்டி ஊற்றுவார்.

ஓய்வுபெற்ற_மிசி

கிராமப்புறக் கிளினிக்குகளில் பிள்ளைகளுக்கு எடை போட்டே தலை நரைத்தவள் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், டாக்டர் தேதியைத் தள்ளிப் போடாதே அம்மா. இந்த வயதில் பிள்ளை வருஷத்துக்கு இரண்டு கிலோவாவது ஏற வேண்டும். உன் பையன் ஒன்பது மாதத்தில் 400 கிராம் ஏறியிருக்கிறான். மிசி சொன்னது சரி.

ஒரு வயதுக்கு மேல் பசி குறைவது இயல்பு. முதல் வருஷத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது, அதே வேகத்தில் யாரும் வளர்ந்துகொண்டே போக மாட்டார்கள். ரெண்டு வயதில் தெரியாத சாப்பாட்டைக் கண்டு முகத்தைத் திருப்புவதும் இயல்புதான். அந்த மாதிரிப் பிள்ளை இன்றைக்குத் தட்டைத் தள்ளிவிடும், நாளைக்கு அண்ணன் தட்டில் கை வைக்கும். எடைக்கோடு மட்டும் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். அதற்கு மருந்தும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். "என் பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது மிசி" என்று வருகிற பத்துத் தாய்மாரில் பாதிப் பேருக்கு மேல் புத்தகத்தைத் திறந்து கோட்டைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

உன் விஷயம் அப்படியில்லை. கோடு படுத்துவிட்டது. மெல்ல வேண்டிய வயதில் கூழ் மட்டும்தான் இறங்குகிறது. ஒரு வேளை அரை மணியைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பார்கள், உனக்கு ஒரு மணி நேரம். போன் ஓடினால்தான் வாய் திறக்கிறது என்றால் என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் விழுங்குகிறான் என்று அர்த்தம். இந்த நான்கும் சேர்ந்தால் சேட்டை என்று ஒதுக்க முடியாது.

2019இல் இந்தத் துறை மருத்துவர்களும் தெரப்பிஸ்டுகளும் சேர்ந்து குழந்தைகளின் உணவூட்டல் கோளாறுக்கு ஒரு வரையறை வகுத்தார்கள். வயதுக்கு ஏற்றபடி வாயால் சாப்பிட முடியாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். அதோடு உடம்பில் நோய், சத்துக் குறைவு, மெல்லுவதிலும் விழுங்குவதிலும் திறன் குறைவு, மனமும் வீட்டுச் சூழலும் என்ற நான்கில் ஒன்றாவது பழுதாகியிருக்க வேண்டும். எனக்கு அதில் பிடித்தது, நான்கையும் பார் என்று சொல்வதுதான். நம் ஊரில் தாயைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் பிள்ளையைத் திட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் சொத்தைப் பல்லோ மலச்சிக்கலோ பெரிய டான்சிலோ ரத்தச்சோகையோ ஒளிந்துகொண்டிருக்கும்.

இப்போது பால் கணக்குக்கு வா. ஐந்து போத்தல் என்றால் 1,200 மில்லி. நூறு மில்லி முழுப்பாலில் சுமார் 65 கலோரி, ஆக மொத்தம் 780. இந்த வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறக்குறைய ஆயிரம். முக்கால் வயிறு பாலிலேயே நிரம்பிய பிறகு சோற்றுக்கு எங்கே இடம்? பசுவின் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பால் மட்டுமே குடிக்கிற பிள்ளைக்கு ரத்தம் குறையும், ரத்தம் குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும், பசி இல்லாத பிள்ளைக்கு மறுபடி பாலையே கொடுப்போம். மாமியார் மாந்தம் என்று சொல்வது இந்தச் சுற்றைத்தான் என்று நினைக்கிறேன். அவர் கண்ணுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதற்காக அவரைக் குறை சொல்லாதே.

டின்பால் வேண்டவே வேண்டாம். அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. போத்தலை வாயில் வைத்தபடி தூங்கினால் முன்பல்தான் முதலில் போகும். நீ சொன்ன பழுப்புக் கறையைப் பல் டாக்டரிடம் காட்டு.

டாக்டரிடம் இப்படிச் சொல்: எத்தனை மில்லி பால், எந்தப் பதத்தில் சாப்பாடு, ஒரு வேளைக்கு எவ்வளவு நேரம், எத்தனை நாளைக்கு ஒரு தடவை வயிறு போகிறது. முடிந்தால் அவன் ஓங்கரிப்பதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போ. கிளினிக்கில் டாக்டருக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் ஓங்கரிக்காது. ரத்தம் பார்க்க வேண்டுமா என்று நீயே கேள். வெட்கப்படாதே, ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து நம்பர் எடுத்தாலும் கேட்கிற உரிமை உண்டு.

பழைய_கங்காணி

மிசி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் பட்டினியில் என்ன குறைந்துவிடும்?

ஓய்வுபெற்ற_மிசி

ஐயா, நன்றாக மெல்லத் தெரிந்த, எடை சரியாக இருக்கிற பிள்ளை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் நானே விட்டுவிடச் சொல்வேன். மெல்லத் தெரியாத பிள்ளை பசித்தாலும் மெல்லாது. எடை குறைந்த பிள்ளைக்குப் பாலை ஒரே நாளில் நிறுத்தினால் இருக்கிற 780 கலோரியும் போய்விடும். பாலைக் குறைக்கத்தான் வேண்டும், படிப்படியாக, டாக்டரோ டயட்டிஷனோ சொல்கிறபடி.

மூணு_பிள்ளை_அம்மா

எங்கள் பாட்டி மடியில் குப்புறக் கிடத்தாமல் மல்லாக்கப் போட்டு, காலை இடுக்கி, மூக்கை லேசாகப் பிடித்துச் சங்கில் கஞ்சி ஊற்றுவார். வாய் தானாகத் திறக்கும். மூன்று பிள்ளையும் அப்படித்தான் வளர்ந்தன. கொஞ்சம் அழுவார்கள், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற_மிசி

தயவு செய்து இதை யாரும் செய்ய வேண்டாம். மூக்கைப் பிடித்தால் பிள்ளை வாய் வழியாக மூச்சு இழுக்கும். அந்த நேரத்தில் ஊற்றிய கஞ்சி உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். இருமித் துப்பினால் தப்பித்தது, இல்லாவிட்டால் நெஞ்சில் இறங்கி நிமோனியா. உங்கள் மூன்று பிள்ளைகளும் நன்றாக இருப்பது சந்தோஷம். நன்றாக இல்லாமல் வார்டுக்கு வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஓங்கரிப்பு என்பது உடம்பு தன்னைக் காத்துக்கொள்வது. நாக்கு முன்னால் தள்ளும், முகம் சிவக்கும், சத்தம் வரும், பிள்ளை தானே சமாளிக்கும். பக்கத்தில் இருந்தால் போதும், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. புரையேறினால் இருமல் வரும். சாப்பிடும்போதெல்லாம் புரையேறுகிறது, கண் கலங்குகிறது, குரல் ஈரமாகிறது என்றால் விழுங்குவதில் கோளாறு இருக்கலாம், தாமதிக்காமல் காட்ட வேண்டும். தொண்டையில் அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. இருமவும் முடியாது, அழவும் முடியாது, உதடு நீலமாகும். அதற்கு முதுகில் தட்டும் முதலுதவி முறையை எல்லா வீட்டிலும் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும்.

சொல்லும்போதே சொல்லிவிடுகிறேன். நான்கு வயது வரை முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, ஃபிஷ்பால் (மீன் உருண்டை), கொட்டையோடு ரம்புத்தான், உடைக்காத முறுக்கு எதுவும் கையில் கொடுக்காதீர்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்கள்தான் முதலில் முறுக்கை நீட்டுவார்கள்.

மட்டுறுத்துனர்

வற்புறுத்தி ஊட்டும் முறைகளை இங்கே பரிந்துரைக்க வேண்டாம். மருந்தின் அளவையும் யாரும் எழுத வேண்டாம்.

கோலகங்சார்_அப்பா

எங்கள் மகளுக்கு இதே கதை, இதைவிடக் கொஞ்சம் மோசம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரப்பிஸ்டிடம் அனுப்பினார்கள். "பேச்சுக்குத்தானே அவர், சாப்பாட்டுக்கு எதற்கு?" என்று என் மனைவி கேட்டாள். வாய், நாக்கு, விழுங்குவது எல்லாம் அவர்கள் பார்க்கிற வேலைதான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மா முதல் நாள் சாப்பாடே கொடுக்கவில்லை. நாங்கள் கொண்டுபோன டப்பாவை மகளுக்கு முன்னால் திறந்து வைத்துவிட்டு, எங்களை எப்போதும் போல ஊட்டச் சொல்லி ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் எங்களிடம் சொன்னது: இவள் நாக்கு முன்னும் பின்னும்தான் போகிறது, பக்கவாட்டில் போகவில்லை. பால் குடிக்கும் நாக்கு அது. சாப்பாட்டைக் கடைவாய்க்குத் தள்ளத் தெரியாததால் பருக்கை நேராகத் தொண்டைக்குப் போகிறது, உடனே ஓங்கரிப்பு வருகிறது.

பிறகு சின்ன, தட்டையான கரண்டியில் கொஞ்சம் எடுத்து, நாக்கின் நடுவில் வைக்காமல் கடைவாய்ப் பக்கம், பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைத்துக் காட்டினார். நாக்கு தானாக அந்தப் பக்கம் தேடிப் போனது. எனக்கு அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கரண்டியை மேல் உதட்டில் வழித்து எடுக்காதீர்கள், அவளே உதட்டை மூடி எடுக்கட்டும் என்றார். விரல் நீளத்துக்கு இட்லியைக் கீறி, அதைக் கடைவாயில் கடிக்க விட்டார். நன்றாக வேகவைத்த கேரட் நீள்துண்டு, ஓரம் வெட்டிய ரொட்டி, வாயில் வைத்தால் கரைகிற பிஸ்கட் இவைதான் எங்கள் வீட்டுப் பாடம்.

ஒரு விஷயத்தை முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் பிள்ளைக்குச் சுலபம் என்று நினைத்து முதலில் கொடுப்பது ரசஞ்சோறு. மெல்லப் பழகாத பிள்ளைக்குக் கஷ்டமே அதுதானாம். தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், பருக்கை ஒரு பக்கம் நிற்கும், வாய் இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். முதலில் மிக்சியை விட்டுக் கரண்டியால் மசித்தது, அது பழகியதும் ஒரே பதத்தில் கெட்டியாகப் பருப்புச்சோறு, அப்புறம் மிருதுவான சின்னக் கட்டிகள், கடைசியில்தான் குழம்பும் சோறும் கலந்தது. ஒரு படியில் ஓங்கரித்தால் ஒரு படி இறங்கி நிற்பது, அவ்வளவே.

சிம்மோர்_அக்கா

ரசஞ்சோறு விஷயம் எனக்கும் புதுசு. எங்கள் வீட்டில் எத்தனை தலைமுறை அதை ஊற்றியிருக்கிறோம்!

மிசி, இது ஏன் இப்படி ஆகிறது? மிக்சி வந்ததாலா?

ஓய்வுபெற்ற_மிசி

மிக்சி ஒரு காரணம், பயம் இன்னொரு காரணம். ஆறு மாதத்தில் தாய்ப்பாலோடு திட உணவு தொடங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை இரண்டு, மூன்று வேளை. ஒன்பது மாதத்திலிருந்து மூன்று, நான்கு வேளை. வேளைக் கணக்கை எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், பதத்தை மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வில், கட்டியுள்ள சாப்பாட்டைப் பத்து மாதத்துக்குப் பிறகு தொடங்கிய பிள்ளைகளுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தகராறு அதிகம் என்று கண்டார்கள். அந்த மாதங்களில் வாய் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும். காலம் கடந்தால் கற்க முடியாது என்று இல்லை, கொஞ்சம் பாடுபட வேண்டும்.

முன்பு தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாள்தான். 2023 ஜனவரியிலிருந்து 98 நாள். அதுவும் மூன்று மாதம் சொச்சம். திட உணவு தொடங்குகிற நேரத்தில் தாய் வேலைக்குப் போயிருப்பாள், பிள்ளை பாட்டியிடமோ பெங்காசுவிடமோ (பிள்ளை பார்க்கும் ஆள்) இருக்கும். பார்த்துக்கொள்கிறவர், தாய் வருகிற நேரத்துக்குள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பயந்து அடித்த கஞ்சியையே கொடுப்பார். ஒரு கட்டி அடைத்துவிட்டால் பழி அவர் தலையில்தானே.

இது ஏதோ நம் லயத்து வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல். கடையில் சாமான் இல்லாத நாடா இது?

தாமான்_வாசி

நீங்கள் எல்லாரும் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள்? பசிக்கு சிரப் இருக்கிறது. போன வருஷம் ஒரு தனியார் கிளினிக்கில் என் மகனுக்குக் கொடுத்தார்கள், நன்றாகச் சாப்பிட்டான். பகலில் கொஞ்சம் தூங்கி வழிந்தான், அவ்வளவுதான். நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது, அதுதான் குறை.

ஓய்வுபெற்ற_மிசி

பசிக்கென்று பரவலாகக் கொடுக்கும் சிரப்களில் ஒன்று சைப்ரோஹெப்டடின். அது அலர்ஜி மருந்து, பசி எடுப்பது அதன் பக்க விளைவு, தூக்கமும் அப்படித்தான். சில பிள்ளைகளுக்குச் சில காரணங்களுக்காக டாக்டர் எழுதுவார், அது அவர் பொறுப்பு. கடையில் நாமே கேட்டு வாங்குவது வேண்டாம். மெல்லத் தெரியாத பிள்ளைக்குப் பசியை மட்டும் கூட்டினால் இன்னும் ஒரு போத்தல் பால்தான் கேட்பான்.

லயத்து_மருமகள்

எல்லாருக்கும் நன்றி. எழுதியதை எல்லாம் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். என் பயம் மாமியார்தான். "நான் நாலு பிள்ளை வளர்த்தவள், எனக்கே பாடமா?" என்று கேட்பார். கேட்டாலும் தப்பில்லை, பகலெல்லாம் அவர்தான் பாடுபடுகிறார். இதை எப்படி ஆரம்பிப்பது?

சிம்மோர்_அக்கா

நீ சொல்லாதே. கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் கேட்கிற கேள்விக்குப் பதில் அவர் சொல்லட்டும், பகலில் நடப்பது அவருக்குத்தானே தெரியும். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் "பாட்டி, நீங்கள்தான் இதைச் செய்ய வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பத்து மருமகள் சொன்னதற்குச் சமம். மந்திரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் மந்திரிக்கட்டும், திருஷ்டி கழிக்கட்டும். வாய்க்குள் எதையும் ஊற்றாமல், தொண்டையில் கைவைக்காமல் இருந்தால் சரி.

பழைய_கங்காணி

இது நல்ல யோசனை. என் சம்சாரத்துக்கும் டாக்டர் சொன்னால்தான் காதில் ஏறும்.

கோலகங்சார்_அப்பா

வீட்டில் மாற்ற வேண்டியதில் எங்களுக்குக் கைகொடுத்தவை சில. சாப்பாட்டுக்கு ஒரே இடம், தரையில் பாய் என்றாலும் பரவாயில்லை, பின்னால் சாய மட்டும் ஏதாவது வேண்டும், கால் தொங்கக் கூடாது. எல்லாரும் சேர்ந்து உட்கார்வது. இரண்டு வேளைக்கு நடுவில் இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. அரை மணி ஆனால் தட்டை எடுத்துவிடுவது, திட்டாமல், கெஞ்சாமல். என்ன, எப்போது, எங்கே என்பது நம் கையில். எவ்வளவு என்பது பிள்ளையின் கையில். என் மனைவிக்கு அந்தக் கடைசி வரிதான் கசந்தது.

தட்டில் அவள் சாப்பிடுகிற ஒன்று கட்டாயம் இருக்கும், பக்கத்தில் புதியது ஒரு தேக்கரண்டி அளவு. தொட்டால் தொடட்டும், பிசைந்தால் பிசையட்டும். புதிய சாப்பாட்டைப் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் காட்டிய பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும். நாம் இரண்டாவது தடவையே "இவளுக்குக் கீரை பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

போனை ஒரே நாளில் பிடுங்கவில்லை. முதலில் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தினோம்.

மூணு_பிள்ளை_அம்மா

சங்கு விஷயத்தை விட்டுவிடுகிறேன், மிசி சொன்னால் சரி. எடை ஏற என்ன சமைப்பது என்றாவது சொல்லலாமா?

பச்சைப்பயறு, அரிசி சேர்த்துக் குழைய வடித்து ஒரு ஸ்பூன் நெய். இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) தலையைக் கிள்ளிக் கழுவி, காயவைத்து வறுத்துப் பொடித்து வைத்தால் எதிலும் தூவலாம், உப்பு சேர்க்க வேண்டாம். கெம்போங் மீனை (கானாங்கெளுத்தி) ஆவியில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்து, பருப்புச்சோற்றில் மசிக்கலாம். கோழி ஈரல் வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம். முட்டை தினமும். முருங்கை வீட்டுக்கு வீடு இருக்கிறது.

ஓய்வுபெற்ற_மிசி

அருமை. இதோடு கொஞ்சம் பப்பாளியோ கொய்யாவோ மசித்துக் கொடுத்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும், வயிறும் இளகும். தேத்தண்ணி பிள்ளைக்கு வேண்டாம், அது இரும்பை ஒட்டவிடாது. நம் வீடுகளில் பாட்டி சாசரில் ஊற்றி ஒரு வாய் கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது.

லயத்து_மருமகள்

போய்விட்டு வந்தோம். மாமியாரையும் அழைத்துப் போனேன், அக்கா சொன்னது அப்படியே நடந்தது. டாக்டர் மலாய்க்காரப் பெண், சின்ன வயது, ஆனால் மாமியாரைப் பார்த்துத்தான் எல்லாம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். வீடியோவைக் காட்டியதும் உடனே புரிந்துகொண்டார்.

எச்பி (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) 9.1. இந்த வயதுக்கு 11க்குக் குறையக் கூடாதாம். தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு) ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ரத்தம் எடுத்திருக்கிறார்கள். இரும்புச்சத்து மருந்தும் வயிறு இளக மருந்தும் கொடுத்தார்கள். பல்லுக்கு, டயட்டிஷனுக்கு, ஈப்போவில் ஸ்பீச் தெரப்பிஸ்டுக்கு என்று மூன்று கடிதம். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக 500 மில்லிக்குக் கொண்டுவரச் சொன்னார், முதலில் நடுராத்திரிப் போத்தலை நிறுத்தி. எடை கோட்டுக்குக் கீழே இருப்பதால் சத்துணவுக் கூடைத் திட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாம், சம்பளச் சீட்டுக் கொண்டு வாருங்கள் என்று மிசி சொன்னார்.

பையன் இன்னும் சோறு சாப்பிடவில்லை. ஆனால் இட்லியைக் கீறிக் கையில் கொடுத்தால் கடைவாயில் வைத்துக் கடித்துத் துப்புகிறான். மாமியார் "துப்பினாலும் கடிச்சான்ல" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஓய்வுபெற்ற_மிசி

நல்லது அம்மா. கடித்துத் துப்புவது படிப்பில் ஒரு பகுதிதான். இரும்பு மருந்தைப் பாலோடு கொடுக்காதே, இடைவெளி விடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பல்லில் கறை பிடிக்காமல் இருக்க, மருந்தை உள்ளே தள்ளிக் கொடுத்துப் பிறகு தண்ணீர் கொடு. மருந்து பாட்டிலை எட்டாத உயரத்தில் வை, அளவுக்கு மீறிக் குடித்தால் ஆபத்து.

சத்துணவுக் கூடை 1989இலிருந்து இருக்கிற திட்டம். எடை குறைந்த, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் சாமான் கொடுப்பார்கள். வாங்குவதில் கூச்சம் வேண்டாம். ஆனால் அந்தக் கூடை பிள்ளைக்கு, வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுவிடாதீர்கள்.

பழைய_கங்காணி

ஈப்போ போக முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் லோரிக்காரர் வெளியூரில் இருந்தால் காலை அப்பாயின்மெண்ட்டுக்கு யார் கூட்டிப்போவது? தெரப்பிஸ்ட் தேதி கிடைத்ததும் இங்கே எழுது மகளே. சுங்கை சிப்புட் டவுனிலிருந்து என் மகன் தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறான், காரில் இடம் இருக்கிறது.

லயத்து_மருமகள்

பெரிய உதவி ஐயா. தனி மெசேஜ் அனுப்புகிறேன்.

புது_அம்மா

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு எட்டு மாதம். கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். எடை சரியாகத்தான் ஏறுகிறது. நானும் கிளினிக் போக வேண்டுமா?

ஓய்வுபெற்ற_மிசி

எடை ஏறுகிறது, இருமல் இல்லை, தாய்ப்பாலோ ஃபார்முலாவோ நன்றாகக் குடிக்கிறாள் என்றால் அவசரம் இல்லை. கரண்டியை அவள் கையில் ஒன்று, உன் கையில் ஒன்று வைத்துக்கொள். வேகவைத்த பூசணி, அவகாடோ மாதிரி மிருதுவானதை விரல் நீளத்துக்கு வெட்டிக் கையில் கொடுத்துப் பார், சிலருக்கு ஊட்டினால் பிடிக்காது, தானே எடுத்தால் பிடிக்கும். தேன் மட்டும் ஒரு வயது வரை நாக்கில் தடவக் கூடாது. அடுத்த ஊசிக்குப் போகும்போது மிசியிடம் சொல். பத்து மாதத்துக்குள் கட்டியான பதத்துக்கு வராவிட்டால் அப்போது பார்க்கலாம்.

மட்டுறுத்துனர்

எட்டு மாதக் குழந்தை பற்றிய கேள்வியையும் பதிலையும் திட உணவு தொடங்கும் பகுதியில் தனி இழையாகப் பிரித்து வைக்கிறேன். இந்த இழை தெரப்பிஸ்ட் தேதி வரும் வரை திறந்திருக்கும்.